கட்டுக்காரம்மாவும் என் இடது காலும்

போன மாதம் கட்டுக்காரம்மாவை அடக்கம் செய்தோம். அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி வாசித்தவன் நான். ஒரே ஒரு பக்கம். பிறந்தார், படித்தார், அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார், ஓய்வுக்குப் பிறகு ஏழைகளுக்குப் பணி செய்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கமிட்டி படித்துப் பார்த்து, "நல்லா சுருக்கமா இருக்கு" என்று ஒப்புதல் கொடுத்தது. சுருக்கமாகத்தான் இருந்தது. நாற்பது வருடமாக அச்சகம் நடத்துகிறவனுக்கு எதை வெட்டினால் பக்கம் அடங்கும் என்று தெரியாதா?

வெட்டியதை இப்போது எழுதுகிறேன். இதற்குக் கமிட்டியின் ஒப்புதல் வாங்கவில்லை. சபைப் பத்திரிகை என் அச்சகத்தில்தான் அச்சாகிறது. நடுவில் ஒரு தாளைச் செருகுவதற்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. படித்துவிட்டுப் போதகர் கூப்பிட்டனுப்புவார். அனுப்பட்டும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை அடக்கத்தன்று நான் வாசித்தபோது பாதிப் பேர் யாரையோ சொல்கிறேன் என்று விழித்தார்கள். எல்லோருக்கும் அவர் கட்டுக்காரம்மாதான். குள்ளமான உருவம், கயிறு கட்டி மாட்டிய தடித்த கண்ணாடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கை, பக்கத்தில் போனால் ஸ்பிரிட் வாசனை. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து சீக்கிரமே போய்விட்டார். மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையிலேயே முப்பத்தொரு வருடம் நின்றவர், ஓய்வு பெற்ற மறுவாரம் அன்றைய போதகரிடம் வந்து ஒரு சாவி கேட்டார். பழைய ஆலயத்தின் பின்பக்கம் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையின் சாவி.

அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு கல் தொட்டி. அவ்வளவுதான். உடைந்த பெஞ்சுகளில் ஒன்றை அவரே ஆணி அடித்து நேராக்கினார். மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, துணியை ஆவியில் வேகவைக்க மூடி போட்ட எவர்சில்வர் டிரம் ஒன்று, ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட கிடுக்கிகள் நான்கு. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். மூட்டை தூக்குகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்கள், பிள்ளைகள் கைவிட்ட கிழவர்கள் என்று வரிசை நிற்கும். நம் சபை, அடுத்த சபை, சாமியே இல்லை என்கிறவர் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. முகத்தை மறந்தாலும் காலை மறக்க மாட்டார். கடைத்தெருவில் எதிரே வருகிறவனின் காலைப் பார்த்துவிட்டு, "எங்க போன வெள்ளிக்கிழம ஆளக் காணோம்?" என்று அதட்டுவார்.

அவர் தொழில் செய்கிற விதமே தனி. கட்டைப் பிரித்ததும் முதலில் பார்க்க மாட்டார், மோந்து பார்ப்பார். "மூக்குதான்யா மொத டாக்டர்" என்பார். பிறகு உப்புத் தண்ணீரில் கழுவி, செத்த தோலைக் கிடுக்கியால் எடுத்து, துணி வைத்துக் கட்டுவார். கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும். "இது உங்க காலுதானே? வாடகைக்கா எடுத்தீங்க?" என்று கேட்காத நாள் இல்லை.

வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை முற்றிய காலுக்கு வலி தெரியாது. கண்ணாடித் துண்டு ஏறினாலும் அது பாட்டுக்கு நடக்கும். "வலிக்கலன்னு சந்தோஷப்படாதீங்க. வலிதான் ஆண்டவர் வச்ச காவக்காரன். உங்க காலுல காவக்காரன் ஓடிப் போயிட்டான். இனிமே நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லி, ஆளுக்கொரு சின்ன வட்டக் கண்ணாடி கொடுப்பார். தினமும் படுக்கப் போகுமுன் உள்ளங்காலைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கும் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அது தெரிந்து ஒருநாள் எனக்கும் ஒரு கண்ணாடி நீட்டினார். "நான் என்ன மூட்ட தூக்குற ஆளாம்மா?" என்று சிரித்தேன். "மூட்ட தலையில இருக்கும் ஐயா. நடக்குறது எல்லாருக்கும் காலுதான்" என்றார். வாங்கி அச்சகத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். தூசி மேல் தூசி படிந்து அது அங்கேயே கிடந்தது.

இப்போது எங்கள் ஆலயத்தின் கதைக்கு வருகிறேன். பழைய ஆலயம் மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகியது. அதை அடைக்கத்தான் கமிட்டி கூடியது. அதே சமயம் பக்கத்துச் சபைக்காரர்கள் உயரமாக ஒரு மணிக்கூண்டு எழுப்பினார்கள். சிலருக்குக் கனவில் தரிசனம் வரும். எங்களுக்கு வந்த தரிசனம் அந்த மணிக்கூண்டுதான். மூன்றாவது கூட்டத்தில் ஒழுகலை மறந்துவிட்டோம். நான்காவது கூட்டத்தில் புது ஆலயம், வெள்ளைக் கல் தரை, குளிர்சாதனம், அவர்களுடையதைவிட உயரமான மணிக்கூண்டு என்று தீர்மானமாயிற்று. கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற இன்ஜினியர். செயலாளர் நான். கமிட்டி எள் என்றால் நான் எண்ணெயாக நின்ற காலம் அது.

மணிக்கூண்டின் அடித்தளம் சரியாகக் கட்டுக்காரம்மாவின் அறை மேல் வந்து உட்கார்ந்தது. வரைபடத்தை நான்கு விரல் நகர்த்தியிருந்தால் போதும். யாரும் நகர்த்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பதில் புதுக் கட்டடத்தின் பின்மூலையில் சின்னச் சதுரம் ஒன்று போட்டு, "சேவை அறை" என்று எழுதினோம். அதை நான்தான் விளக்கப் புத்தகத்தில் அச்சடித்து வீடு வீடாக அனுப்பினேன். கட்டுக்காரம்மா புத்தகத்தை விரித்து, அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்து, "குழாய் வருமா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

"குழாய் என்னம்மா, வெந்நியே வரும்" என்றேன். வாயில் வந்ததைச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்?

அவர் டிரம்மையும் பெஞ்சையும் தூக்கிக்கொண்டு பின்சுவரை ஒட்டி, கழிவறைப் பக்கம், ஒரு தகரக் கூரையின் கீழ் போனார். தற்காலிகமாக. இந்தச் சொல்லை அந்த இரண்டு வருடத்தில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. தண்ணீரைத் தெருக் குழாயிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் அவரே சுமந்தார். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது.

கட்டடம் பாதி எழும்பியபோது இன்ஜினியர் ஒரு விஷயம் சொன்னார். குளிர்சாதன மெஷின் வைக்க இடம் விடவில்லையாம். எங்கே வைப்பது என்று எல்லோரும் வரைபடத்தைப் பார்த்தோம். எல்லோருடைய கண்ணும் ஒரே சதுரத்தில் போய் நின்றது. புத்தகத்தின் இரண்டாம் அச்சில் "சேவை அறை" என்பதை எடுத்துவிட்டு "குளிர்சாதன இயந்திர அறை" என்று போட்டேன். எழுத்து கொஞ்சம் நீளம், சதுரத்துக்குள் அடங்கவில்லை. அளவைக் குறைத்து அடக்கினேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தார். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக. கதவருகே நின்று, "ஆண்டவருக்கு வீடு வேணாம்னு நான் சொல்லலைங்க. என் ஆளுங்களுக்கு ஒரு தண்ணிக் குழாயும் நாலு சுவரும் கேக்குறேன். மெஷினுக்கே ரூம் இருக்கு" என்றார்.

பதில் சொல்ல வேண்டியவர் தலைவர். அவர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பூனைக்கு மணி கட்ட நான் எழுந்தேன். வேத வசனம் தெரிந்தவன் என்று எனக்குச் சபையில் ஒரு பெயர் உண்டு. ஆண்டவர் மேல் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றிய பெண்ணின் கதையை எடுத்துவிட்டேன். அது வீண்செலவு என்று குறை சொன்னவனுக்கு என்ன பதில் கிடைத்தது? ஏழைகள் எப்போதும் கூடவே இருப்பார்கள், ஆண்டவருக்குச் செய்வதை இப்போதுதான் செய்ய முடியும் என்று வாய் கிழியப் பேசி உட்கார்ந்தேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

கட்டுக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தத் தைலத்த அந்தப் பொண்ணு எங்க ஊத்துச்சுங்க ஐயா? காலுலதானே? நானும் அந்த வேலதான் பாக்குறேன்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். எனக்குக் காது வரை சூடேறியது. "பாப்போம்மா, அடுத்த கட்டத்துல பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவைத்தோம். நடவடிக்கைக் குறிப்பில் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதினேன்.

புது ஆலயத்தின் பிரதிஷ்டை நாள் வந்தது. வெள்ளைக் கல் தரை முகம் தெரியும் அளவுக்கு மின்னியது. அதைப் பார்த்துப் பார்த்து இன்ஜினியருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செருப்பு, ஷூ எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும் என்றார். சாக்ஸோடு நடந்து ஒருவர் வழுக்கி விழப் பார்த்ததும், சாக்ஸும் கூடாது என்றார். ஆக, சபை முழுவதும் வெறுங்காலோடு நின்றது. பக்தியால் அல்ல, பாலிஷ் போய்விடுமே என்பதால்.

நான் காலையிலிருந்து பம்பரமாகச் சுழன்றுகொண்டிருந்தேன். பக்கவாசலுக்கும் மேடைக்கும் எத்தனை நடை நடந்தேனோ! பக்கவாசலுக்கு வெளியே கல் வெட்டியவர்கள் பெருக்காமல் விட்டுப் போன சில்லுகள் கிடந்தன. பெருக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அதன் மேலேயே நடந்தேன்.

கட்டுக்காரம்மாவும் வந்திருந்தார், தன் ஆட்கள் ஏழு பேரோடு. எல்லோரும் குளித்து, இருப்பதில் நல்ல துணியை உடுத்தி, காலில் அன்று காலை மாற்றிய புதுக்கட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பழைய பேப்பர்க்காரர். என் அச்சகத்துக் கழிவுத் தாளைச் சனிக்கிழமைதோறும் தள்ளுவண்டியில் எடுத்துப் போகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

ஆலயத்தைத் திறந்துவைக்கப் பேராயர் வர இருபது நிமிடம் இருந்தது. பாடகர் குழுவில் ஒரு பெண், "ஐயையோ, ரத்தம்!" என்றாள்.

நடுப்பாதையில், அந்த வெள்ளைக் கல்லில், வரிசையாகச் சிவப்புத் திட்டுகள். பக்கவாசலிலிருந்து மேடை வரைக்கும், மேடையிலிருந்து கடைசி பெஞ்சுப் பக்கம் வரைக்கும். சபையே எழுந்து பார்த்தது. இன்ஜினியரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எல்லோருடைய பார்வையும் திரும்பி, கடைசி பெஞ்சில் நீட்டிக்கொண்டிருந்த ஏழு கட்டுகளின் மேல் விழுந்தது.

நான் விறுவிறுவென்று அங்கே போனேன். "என்னம்மா இது? இன்னைக்கு ஒரு நாளாவது இவங்கள வீட்டுல இருக்கச் சொல்லக் கூடாதா? பேராயர் வர்ற நேரத்துல இப்படியா அசிங்கம் பண்றது?" பக்கத்தில் இருந்த பேப்பர்க்காரரைப் பார்த்து, "உன் காலுதானே? எந்திரி, வெளிய போ" என்றேன். வாங்க போங்க என்று பேசுகிறவன்தான் நான். அன்று அது வாயில் வரவில்லை.

பேப்பர்க்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கட்டு வெள்ளை வெளேர் என்று இருந்தது. எழுந்து நின்றார்.

கட்டுக்காரம்மா எழுந்து, நடுப்பாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தத் திட்டைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொன்றைப் பார்த்தார். அவருக்கு அது எங்களுக்குத் தெரிகிற மாதிரி வெறும் ரத்தம் இல்லை. கட்டுப் போட்ட காலிலிருந்து இப்படிச் சொட்டாது, இது புதுக் காயம், இடது காலின் முன்பக்கம், வேகமாக நடக்கிற ஆள் என்று படித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். திட்டுத் திட்டாகக் கண்ணால் பின்தொடர்ந்து வந்தவர் என் காலடியில் வந்து நின்றார். என் இடது பாதத்தைச் சுற்றிச் சின்னதாகச் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. காவக்காரன் எப்போதோ ஓடிப் போயிருந்தான்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பேப்பர்க்காரரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். "மன்னிச்சிடுங்க, என் காலுதான்" என்று சொல்ல மூச்சு எவ்வளவு வேண்டும்? சொல்லவில்லை. வாய் கிழியப் பேசுகிற வாய் அன்று தைத்து வைத்ததுபோல் இருந்தது.

கட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், எனக்குத் தெரியும். பிறகு பையிலிருந்து துணி எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்து, முழங்காலிட்டபடியே ஒவ்வொரு திட்டாகத் துடைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து ஒரு துணிப் பொட்டலத்தை என் கையில் அழுத்தி, எனக்கு மட்டும் கேட்கிறாற்போல், "இத வச்சு அழுத்திக் கட்டி, சாக்ஸ் போட்டுக்கங்க. இடது கால ஊனாதீங்க. செவ்வாக்கிழம பின்னாடி வாங்க" என்றார். அப்புறம் தன் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது பேப்பர்க்காரரின் தோளில் கை வைத்திருந்தார்.

நான் உள்ளறைக்குப் போய் உள்ளங்காலைப் பார்த்தேன். கல் சில்லு பிளந்த இடம் ஒரு சின்ன வாய்போல் திறந்து கிடந்தது. கட்டினேன், சாக்ஸ் மாட்டினேன், வந்து பேராயருக்கு முன்னால் நடந்தேன். படங்களில் பாருங்கள், நான் ஒருவன்தான் சாக்ஸ் போட்டிருப்பேன்.

வீட்டில் என் மனைவி சாக்ஸைப் பிழிந்தபோது தண்ணீர் சிவந்தது. "என்னங்க இது?" என்று கேட்டாள். "ஆணி குத்திருச்சு" என்றேன். அவளிடமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். பின்சுவர் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் வரிசை. அங்கே போய் நின்ற பிறகுதான் ஒன்று தெரிந்தது. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிகள் ஆறும் அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தன. உள்ளே நாங்கள் குளுகுளு என்று இருக்கத் தள்ளிய வெப்பமெல்லாம் புண்ணோடு உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் அடித்தது. அன்று தரையைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்காக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நேராக முன்னால் போனேன்.

"வரிசைல வாங்க ஐயா" என்றார் கட்டுக்காரம்மா, தலையைத் தூக்காமலே.

வரிசையின் கடைசியில் கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டின்னில் பேப்பர்க்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, டின்னைத் துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்க ஐயா" என்றார். உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது அந்த ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அம்மா என் கட்டைப் பிரித்தார். மோந்து பார்த்தார். "தப்பிச்சுது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வெரல எடுத்திருப்பாங்க" என்றார். மடியில் என் காலை வைத்துக் கழுவினார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு வாரம் போனேன். ஒரு விரல்கூடப் போகவில்லை. அது அவருடைய கை. அந்தப் பதினொரு வாரத்தில் ஒரு நாளும் அவர் அந்தப் பிரதிஷ்டை நாளைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது வழி கிடைத்திருக்கும்.

இதற்கு நடுவில்தான் கமிட்டி கூடியது. அன்று நடந்ததைப்போல இனி நடக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பலகை வைக்கலாம் என்று முடிவாயிற்று. வாசகத்தை நான்தான் எழுதினேன். "புண், கட்டு உள்ளவர்கள் ஆலயத்துக்குள் வராமல் வெளியில் நின்று ஆராதிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." முதலில் "கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே என்று போதகர் சொன்னதால் "அன்புடன்" என்பதை நான் சேர்த்தேன். மேஜைக்குக் கீழே என் இடது காலில் கட்டுக்காரம்மா அன்று காலை போட்ட கட்டு இருந்தது. அந்தக் காலோடுதான் ஞாயிறுதோறும் சாக்ஸ் போட்டு, அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பலகை வைத்த அன்று கட்டுக்காரம்மா அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார். நான் அங்கே இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை போல. பார்த்ததும், "எழுத்து நல்லா விழுந்திருக்கு ஐயா" என்றார். நக்கல் மாதிரியும் தெரியவில்லை. அதுதான் இன்றுவரைக்கும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்குள் வரவே இல்லை. அவர் காலில் புண்ணும் இல்லை, கட்டும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்களோடு வெளியே, ஒலிபெருக்கியின் கீழ் நின்றுதான் ஆராதித்தார். நான்கு வருடம். அறையைப் பற்றி நான் கமிட்டியில் இரண்டு தடவை பேசினேன். "அடுத்த கட்டம்" என்றார்கள். மூன்றாம் தடவை பேசியிருந்தால் கிடைத்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. பேசினால், ஏன் இவ்வளவு அக்கறை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்ததோடு சரி, எழுந்து எதையும் செய்யவில்லை.

இந்த வருடம் மழை விடாமல் பெய்தது. தகரக் கூரை ஒரு பக்கம் பிய்ந்து போனது. அவர் குடையைச் சுவரில் செருகி வைத்துக்கொண்டு கட்டுப் போட்டார். நனைந்தார், காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. அவர் முப்பத்தொரு வருடம் நின்ற ஆஸ்பத்திரியிலேயே ஆறு நாள் படுத்திருந்து போய்விட்டார். நான் பார்க்கப் போனேன். கண் மூடியிருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டோ என்னவோ, "கண்ணாடியில பாக்குறீங்களா?" என்று முனகினார். பார்ப்பதாகச் சொன்னேன். அதுவும் பொய்.

அடக்கத்தன்று பெட்டியை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவர் உள்ளே வந்தது அன்றுதான், அதுவும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு. அவருடைய ஆட்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பலகைக்கு அந்தப் பக்கம், மழையில் நின்றார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இல்லை, பலகைதான் இருக்கிறதே. நான் மேடையேறி, ஒலிபெருக்கியில் அந்த ஒரு பக்கத்தை வாசித்தேன். அதில் ஒரு வரி: "நம் ஆலயத்தின் பேராதரவோடு பதினைந்து ஆண்டுகள் ஏழைகளுக்குச் சேவை புரிந்தார்." வெளியே நின்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை பேப்பர்க்காரர் வழக்கம்போல அச்சகத்துக்கு வந்தார். கழிவுத் தாளைச் சாக்கில் அடைத்துக்கொண்டே, "ஐயா, கால் எப்படி இருக்கு? யார்கிட்டக் காட்டுறீங்க இப்போ?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, "அன்னைக்கு, அந்தப் பிரதிஷ்டை அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, "தெரியும் ஐயா" என்றார். "அந்தச் செவ்வாக்கிழம உங்க கட்டப் பிரிச்சப்பவே எங்க ஏழு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு ஆத்திரம்தான். கோயில் வாசல்ல நின்னு கத்தணும்னு இருந்துச்சு. அம்மாதான் வேணாம்னுட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'விடு. அவரு நல்ல மனுஷன்தான். வலி தெரியல, அவ்வளவுதான். தெரியுறப்போ அவரே சொல்லுவாரு'ன்னாங்க. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம, ஐயா அறிவிப்பு வாசிக்க மைக் முன்னாடி வர்றப்போ எல்லாம், எங்கள 'உஷ்'னு அடக்கிட்டு, ஒலிபெருக்கிய அண்ணாந்து பாத்துட்டு நிப்பாங்க. கடைசி வரைக்கும் அப்படித்தான் நின்னாங்க ஐயா."

அவர் சாக்கைத் தூக்கி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நான் மேஜை இழுப்பறையைத் திறந்து, அந்த வட்டக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன்.

அம்மா, அது என் கால்தான்.